இனிமை மட்டும்தான் சங்கீதமா?

"இந்தக் கூச்சலையும் சங்கீதம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறானே!" என்று என்னைப் பற்றிச் சில நண்பர்கள் வருத்தப்படுவதாகக் கேள்வி. கதை எழுதுகிறவன் கதை எழுதிவிட்டுப் போகட்டும். ஜெர்மனியில் யாரோ மூன்று பேர் சேர்ந்து போட்ட சத்தத்துக்கு இவன் ஏன் வக்காலத்து வாங்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. வக்காலத்து வாங்குவது என்று நான் தீர்மானித்துவிட்டேன். ஆகவே வழக்கு இன்னதென்று முதலில் சொல்லிவிடுவதுதான் முறை.

1989-ம் வருஷம் ஜூன் மாதம் மேற்கு ஜெர்மனியில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. அதன் பெயர் 'ஏஜெண்ட் ஆரஞ்ச்'. அதைப் போட்ட கோஷ்டியின் பெயர் சோதோம். வானத்திலிருந்து அக்கினியும் கந்தகமும் பொழிந்து அழிந்துபோனதாக பைபிளில் சொல்லப்படுகிறதே, அந்த ஊரின் பெயர். கோஷ்டியில் மூன்றே பேர். பாஸ் கிட்டாரை வாசித்துக்கொண்டே பாடுகிறவர் டாம் ஏஞ்சல்ரிப்பர்; கிட்டார் ஃபிராங்க் பிளாக்ஃபயர்; டிரம் கிறிஸ் விட்ச்ஹன்டர். எல்லாம் மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர்கள். மாயாஜாலக் கதைகளில் வரும் பூதகணங்களின் பெயர்களைப் போல இருக்கின்றன என்று நீங்கள் சிரித்தால் நானும் சேர்ந்து சிரிக்கத் தயார்.

இவர்களுடைய இசைக்கு ஹெவி மெட்டல் என்று பெயர். மின்சாரக் கிட்டாரின் நாதத்தை வேண்டுமென்றே சிதைத்து, தடிக்கவைத்து, அதன் மேல் டிரம்மை இடி மாதிரி இறக்குவது அதன் இலக்கணம். அதிலும் இவர்கள் 'த்ராஷ்' என்னும் கிளையைச் சேர்ந்தவர்கள். அடித்து நொறுக்குவது என்று அந்த வார்த்தைக்கே அர்த்தம். வேகம் தாங்க முடியாத வேகம். குரல் பாடுவதில்லை, தொண்டையைக் கிழித்துக்கொண்டு உறுமுகிறது. நாற்பது நிமிஷத்துக்குச் சற்றேறக்குறைய ஓடும் இந்தத் தட்டில், வீணையை மடியில் வைத்துக் கொஞ்சுகிற சுகத்தை எதிர்பார்த்து உட்காருகிறவர் இரண்டாவது நிமிஷத்தில் எழுந்து போய்விடுவார்.

அப்படி எழுந்து போகிறவர்மீது எனக்குக் கோபம் இல்லை. காது அவருடையது. எழுந்து போனவர் வாசலில் நின்றுகொண்டு, "இது கலை அல்ல, காட்டுமிராண்டித்தனம், இளைஞர்களைக் கெடுக்கும் விஷம்" என்று தீர்ப்புச் சொல்லுகிறாரே, அங்கேதான் எனக்கும் அவருக்கும் தகராறு. விஷம் என்ற வார்த்தையை அவர் இவ்வளவு லேசாக உபயோகிக்கக் கூடாது. ஏனென்றால் இந்தத் தட்டு பேசுவதே ஒரு விஷத்தைப் பற்றித்தான். நிஜமான விஷம். பீப்பாய் பீப்பாயாகத் தயாரித்து, கணக்கெழுதி, ரசீது போட்டு, விமானத்தில் ஏற்றி ஒரு தேசத்தின் தலைமேல் தெளித்த விஷம்.

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்க ராணுவத்துக்குக் காடு ஒரு பெரிய தொல்லையாக இருந்தது. எதிரி காட்டுக்குள் மறைகிறான். எதிரிக்கு வயலிலிருந்து சோறு வருகிறது. ஆகவே காட்டையும் வயலையுமே இல்லாமல் செய்துவிடுவது என்று முடிவு கட்டினார்கள். 1962-ல் தொடங்கி 1971 வரைக்கும் தென் வியட்நாமின்மீது 7 கோடி லிட்டருக்கு மேல் களைக்கொல்லி தெளித்தார்கள். அதில் பாதிக்கு மேற்பட்டது ஏஜெண்ட் ஆரஞ்ச். அந்த மருந்துக்கும் ஆரஞ்சுப் பழத்துக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. பீப்பாயைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை தீட்டியிருந்தார்கள். அதனால் அந்தப் பெயர். வெள்ளைப் பட்டை, ஊதாப் பட்டை, நீலப் பட்டை என்று வேறு பீப்பாய்களும் இருந்தன. குழந்தைகளின் வர்ணப் பெட்டியைத் திறந்த மாதிரி அவ்வளவு அழகான பெயர்கள்!

அந்தத் திரவம் இரண்டு களைக்கொல்லிகளைச் சரிபாதியாகக் கலந்தது. அவற்றில் ஒன்றைத் தயாரிக்கும்போது உஷ்ணம் மிஞ்சிவிட்டால் டயாக்ஸின் என்ற இன்னொரு பொருளும் கூடவே உண்டாகிவிடும். மனிதன் அறிந்த மிகக் கொடிய நஞ்சுகளில் அது ஒன்று. மண்ணில் தங்கும்; குளத்துச் சேற்றில் தங்கும்; மீன் வழியாகவும் வாத்து வழியாகவும் மனிதனுடைய கொழுப்பில் போய்த் தங்கும்; தாய்ப்பாலில் வரும். காட்டை அழிப்பதற்காகத் தெளித்தது அமெரிக்கப் படை வீரர்களையும் வியட்நாமியக் குடியானவர்களையும் வேற்றுமை பாராட்டாமல் பிடித்துக்கொண்டது. யுத்தம் 1975-ல் முடிந்தது. விஷம் முடியவில்லை. டா நாங் விமான தளத்தின் மண்ணைத் தோண்டிச் சுத்தம் செய்யும் வேலை 2012-ல் ஆரம்பித்து 2018 வரைக்கும் நடந்தது. பியென் ஹோவா தளத்தில் அந்த வேலை 2019-லேதான் தொடங்கியது. தெளித்து அரை நூற்றாண்டு கழித்து!

விமானத்தில் போய் இதைத் தெளித்துவிட்டு வந்தார்களே, அந்தப் படைப்பிரிவினர் தங்களுக்குள் ஒரு வேடிக்கைச் சுலோகம் வைத்திருந்தார்கள். காட்டுத் தீயைத் தடுக்க உங்களால்தான் முடியும் என்று அமெரிக்காவில் ஒரு சர்க்கார் விளம்பரம் உண்டு. அதைத் திருப்பி, காட்டையே தடுக்க எங்களால்தான் முடியும் என்று எழுதி மாட்டிக்கொண்டார்கள். நகைச்சுவை உணர்ச்சி உள்ளவர்கள், படித்தவர்கள். இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

இதில் ஜெர்மனிக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். வியட்நாமுக்குப் போகாத மூன்று ஜெர்மானிய இளைஞர்கள் அமெரிக்கன் செய்த பாவத்தைப் பற்றி ஏன் தொண்டை கிழியக் கத்த வேண்டும்?

வந்தது உண்டு. ஹாம்பர்க் நகரத்தில் இதே களைக்கொல்லியைத் தயாரித்த ஒரு ரசாயனத் தொழிற்சாலை இருந்தது. அங்கே வேலை செய்த தொழிலாளர்களுக்கு 1950-களில் முகமெல்லாம் கொப்புளம் கிளம்பும் ஒரு சரும வியாதி வந்தது. அதற்குக் காரணம் டயாக்ஸின்தான் என்று ஹாம்பர்க் டாக்டர்கள் 1957-லேயே கண்டுபிடித்துப் பிரசுரமும் செய்தார்கள். வருஷத்தைக் கவனியுங்கள்: 1957. வியட்நாமில் முதல் விமானம் கிளம்பியது 1962. ஐந்து வருஷங்களுக்கு முன்பே விஞ்ஞானப் பத்திரிகையில் அச்சேறிவிட்ட உண்மை! அந்த ஹாம்பர்க் தொழிற்சாலை 1984-ல்தான் மூடப்பட்டது. சோதோம் கோஷ்டி ஆரம்பமாகிச் சில வருஷங்களே ஆகியிருந்த சமயம் அது. வியட்நாமில் மேலிருந்து விழுந்த விஷம் ஜெர்மன் தொழிலாளிக்குக் கீழே தொட்டியிலிருந்து வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வியட்நாம் யுத்தத்துக்கு இந்த மருந்தைத் தயாரித்துக் கொடுத்த அமெரிக்க நிறுவனங்களில் மான்சாண்டோ ஒன்று. அந்தப் பெயருடைய கம்பெனியை 2018-ல் விலைக்கு வாங்கியது ஜெர்மனியின் பேயர். வாங்கிய கையோடு மான்சாண்டோ என்ற பெயரை விட்டுவிடப் போவதாகவும் அறிவித்தது. பேயரின் தலைமையகம் லெவர்குசன். சோதோம் கோஷ்டியின் சொந்த ஊர் கெல்சன்கிர்ச்சன். இரண்டும் ஒரே மாநிலத்தில் இருக்கின்றன. ஒரு பெயரை மறக்கச் செய்வதற்குப் பெரிய கம்பெனிகளிடம் வழி இருக்கிறது. ஒரு பெயரை மறக்கவிடாமல் செய்வதற்கு இந்த மூன்று பேரிடம் இருந்தது ஓர் இசைத்தட்டின் அட்டைதான்.

கெல்சன்கிர்ச்சன் எப்படிப்பட்ட ஊர்? ரூர் பிரதேசத்தில், நிலக்கரிச் சுரங்கமும் உருக்காலையுமாகக் கரி படிந்து கிடந்த ஊர். இரண்டாவது உலக யுத்தத்தில் நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்கும் ஆலைகள் அங்கே இருந்த காரணத்தால் நேச நாட்டு விமானங்கள் வந்து வந்து குண்டு போட்டு, ஊரின் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கின. அந்த இடிபாட்டின் மேல் மறுபடியும் கட்டிய ஊரில் பிறந்தவர் டாம் ஏஞ்சல்ரிப்பர். சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கம் அவருக்குப் பிழைப்பு. அதிலிருந்து தப்புவதற்கு வழி இந்தக் கோஷ்டி. பிறகு அந்தச் சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பக்கத்து ஊரான பாட்ராப்பில் இருந்த கடைசிச் சுரங்கமும் 2018 டிசம்பரோடு சரி.

இந்தத் தட்டில் 'ஔஸ்கபாம்ப்ட்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. குண்டு விழுந்து வீடு வாசல் இழந்தவன் என்று அர்த்தம். அந்த வார்த்தையை இந்த இளைஞர்கள் அகராதியில் தேடிப் பிடிக்கவில்லை. அவர்களுடைய பாட்டிமார் அந்தப் பட்டத்தைச் சுமந்தவர்கள். அந்தக் கெல்சன்கிர்ச்சன்காரன் வியட்நாமின் வானத்தைப் பற்றிப் பேசினால், "உனக்கென்ன தெரியும்?" என்று கேட்பதற்கு நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

* * *

இப்போது சங்கீதத்துக்கு வருகிறேன். இனிமைதான் சங்கீதத்தின் உயிர் என்று நம்புகிறவர்களுக்காக ஒரு சின்னச் சரித்திரத்தை ஞாபகப்படுத்துகிறேன்.

1963-ல் அமெரிக்காவில் ஒரு பாட்டு பிரசித்தமாயிற்று. ஒரு சின்னப் பையனுக்கும் அவனுடைய மந்திர டிராகனுக்கும் உள்ள சிநேகத்தைப் பற்றிய பாட்டு. பீட்டர், பால், மேரி என்ற மூவர் பாடியது. தேனும் பாலும் என்பார்களே, அப்படி. குழந்தைகள் வாயில் அது ஓயாமல் ஒலித்தது. அடுத்த இரண்டு வருஷத்துக்குள் வியட்நாமில் ஏசி-47 என்று ஒரு விமானம் பறக்க ஆரம்பித்தது. பழைய சரக்கு விமானம். அதன் பக்கவாட்டில் மூன்று எந்திரத் துப்பாக்கிகளைப் பொருத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றும் நிமிஷத்துக்கு 6,000 குண்டு வரை கக்கக் கூடியது. இரவில் வானத்தில் வட்டமிட்டுக்கொண்டு அது சுடும்போது ஆகாயத்திலிருந்து நெருப்புக் கயிறு இறங்குகிற மாதிரி இருக்குமாம். அமெரிக்கச் சிப்பாய்கள் அதற்கு என்ன செல்லப் பெயர் வைத்தார்கள் தெரியுமா? அந்தக் குழந்தைப் பாட்டில் வரும் டிராகனின் பெயர்!

பாடியவர்கள் இதற்குப் பொறுப்பாளிகள் அல்ல. யுத்தத்தை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் அவர்கள். இனிமைக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் என் கேள்வி. இனிமை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை. நிமிஷத்துக்கு ஆயிரமாயிரம் குண்டு கக்கும் பிசாசின் மேல் தொட்டில் துணியைப் போல அதைப் போர்த்திவிட்டார்கள். மூடுவதற்கு அது மிகவும் சௌகரியமாக இருந்தது.

இருபத்து நான்கு வருஷம் கழித்து, இந்தச் சோதோம் கோஷ்டி தங்கள் தட்டில் ஒரு பாட்டுக்கு 'மேஜிக் டிராகன்' என்று பெயர் வைத்தது. டிராகன் அந்த விமானம்தான். போர்த்தியிருந்த துணியை இழுத்து எறிந்தார்கள். உள்ளே என்ன சத்தம் இருந்ததோ அந்தச் சத்தத்தை வாசித்தார்கள். உலோகம் உலோகத்தோடு உரசுகிற சத்தம். நிற்காமல் தட்டிக்கொண்டே இருக்கிற சத்தம். மனிதத் தொண்டை எந்திரத்துக்கு மேல் கேட்க வேண்டுமே என்று அலறுகிற சத்தம். எது உண்மையான சங்கீதம் என்று நான் கேட்கவில்லை. ஏசி-47 விமானத்துக்குப் பொருத்தமான சங்கீதம் எது என்று கேட்கிறேன். பதில் சொல்லுங்கள்.

இனிமை கூடாது என்று சொல்ல நான் பைத்தியக்காரன் அல்ல. கல்யாணத்துக்கு நாதஸ்வரம் வேண்டும். குழந்தைக்குத் தாலாட்டு வேண்டும். ஆனால் சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கிறவளைப் பார்த்து, "அம்மா, சுருதி கொஞ்சம் விலகுகிறது" என்று எந்த ரசிகனாவது சொன்னதுண்டா? சொன்னால் அவனை ரசிகன் என்றா சொல்வோம்? நம்முடைய பழைய இலக்கணக்காரர்கள் நம்மைவிட விசாலமான மனசு படைத்தவர்கள். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாகப் பிரித்தபோது உவகையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. இளிவரலும் அச்சமும் வெகுளியும் அதே வரிசையில் சரியாசனம் பெற்று உட்கார்ந்திருக்கின்றன. ரௌத்திரத்தையும் பீபத்ஸத்தையும் நவரஸத்தில் சேர்த்து, மேடையில் ஆடிக் காட்டினால் கைதட்டுகிறோம். அதே வெகுளி மின்சாரக் கிட்டாரில் வந்தால் மட்டும் ஜன்னலைச் சாத்துகிறோம்.

* * *

எதிர்க்கட்சி வக்கீல்களின் வாதங்களையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, இந்தச் சங்கீதம் வாலிபர்களை வன்முறைக்குத் தூண்டுகிறது என்பது. ஐயா, 1962-ல் இந்தச் சங்கீதம் பிறக்கவே இல்லை. 7 கோடி லிட்டர் விஷத்தையும் தெளித்து முடித்தபோதுகூட த்ராஷ் என்ற பெயரை ஒருவரும் கேட்டதில்லை. விஷத்துக்குத் திட்டம் போட்டவர்கள் சட்டை கசங்காதவர்கள். கூட்டங்களில் குரலை உயர்த்தாமல் பேசினார்கள். தயாரித்தவர்கள் ரசாயன சாஸ்திரம் கற்றவர்கள். விலை பேசியவர்கள் கணக்கில் புலிகள். அவர்களில் யாரும் தலைமயிரை இடுப்புவரை வளர்த்து, தோல் சட்டை போட்டுக்கொண்டு, மேடையில் குதித்தவர்கள் அல்லர். வன்முறைக்குக் கூச்சல் தேவையே இல்லை. மெதுவான குரலில், நல்ல காகிதத்தில், கையெழுத்தோடு அது நடக்கும்.

இரண்டாவது, வார்த்தையே புரியவில்லை என்பது. பாடல் வரிகள் தட்டோடு அச்சிட்டுத்தான் வருகின்றன, படித்துக்கொள்ளலாம். முதல் பாட்டில் வியட்நாமில் விஷம் தெளித்த ராணுவ நடவடிக்கையின் பெயரே வருகிறது. தட்டின் உறையில், உலகத்து யுத்தங்களின் அர்த்தமற்ற ஆக்கிரமிப்புகளில் மாண்டுபோன சகலருக்கும், சிப்பாய்களுக்கும் சாதாரண ஜனங்களுக்கும், இது சமர்ப்பணம் என்று எழுதியிருக்கிறார்கள். சத்தத்தில் வார்த்தை புரியவில்லை என்று குறைப்படுகிறவர்கள், அமைதியாக வெளிவந்த வார்த்தைகளை மட்டும் புரிந்துகொண்டார்களா? ஹாம்பர்க் டாக்டர்கள் 1957-ல் மிகத் தெளிவான ஜெர்மன் மொழியில், துளிச் சத்தம் இல்லாமல் எழுதியதை யார் புரிந்துகொண்டார்கள்?

மூன்றாவது வாதம் கொஞ்சம் கனமானது. இவர்கள் யுத்தத்தைக் கண்டிக்கவில்லை; அதை ரசிக்கிறார்கள்; துப்பாக்கியும் புகையும் இவர்களுக்குக் கிளுகிளுப்பாக இருக்கிறது; பிறருடைய துயரத்தை விற்றுக் காசு பண்ணுகிறார்கள் என்பது. தட்டு ஜெர்மனியின் விற்பனைப் பட்டியலில் ஏறியது உண்மை. வேகத்தில் ஒரு போதை இருப்பதும் உண்மை. தட்டிலுள்ள எல்லாப் பாட்டும் யுத்தத்தைப் பற்றியதல்ல. சில பாட்டுகள் அதிர்ச்சி கொடுப்பதற்கென்றே எழுதப்பட்டவை, அவற்றுக்கு நான் வாதாடப் போவதில்லை. ஆரம்ப காலத்தில் இவர்கள் சாத்தான், நரகம், மண்டை ஓடு என்று சிறுபிள்ளைத்தனமாகப் பாடிக்கொண்டிருந்தவர்கள் என்பதையும் மறைக்க மாட்டேன்.

ஆனால் அந்தச் சரித்திரமே எனக்குச் சாட்சி. கொம்பு வைத்த சாத்தானைப் பாடிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்ச வருஷத்தில் நிஜச் சாத்தானைத் தேடிப் போனார்கள். அவனுக்குக் கொம்பு இல்லை. பீப்பாயும் ஆரஞ்சுப் பட்டையும் இருந்தன. இந்த வளர்ச்சி ஒரு கலைஞனுக்குச் சாமான்யமானதா? எழுத வந்தவர்களில் எத்தனை பேர் பேய்க் கதையில் ஆரம்பித்துப் பேய்க் கதையிலேயே முடிந்துபோகிறார்கள்!

கிளுகிளுப்பு என்ற குற்றச்சாட்டும் நாவலாசிரியர்களாகிய எங்களுக்குப் புதிதல்ல. யுத்தத்தைப் பற்றி எழுதப்பட்ட எந்த நல்ல நாவலிலும் குதிரை பாய்கிற இடத்தில் வாசகனுடைய ரத்தம் கொஞ்சம் சூடேறத்தான் செய்கிறது. அந்தச் சூட்டை ஏற்றிவிட்டு அவனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்பதில்தான் எழுத்தாளனுடைய நாணயம் இருக்கிறது. இந்தத் தட்டில் 'ரிமெம்பர் தி ஃபாலன்' என்று ஒரு பாட்டு வருகிறது. மாண்டவர்களை நினைத்துக்கொள் என்று பொருள். அங்கே வேகம் குறைகிறது. ஓடிக்கொண்டிருந்த ராணுவம் நடக்க ஆரம்பிக்கிற மாதிரி தாளம் கனத்துப்போகிறது. அதுவரை தலையை ஆட்டிக்கொண்டிருந்த வாலிபன் அந்த இடத்தில் என்ன செய்வான்? ஆடுவதை நிறுத்திக் கேட்பான். அவனை அங்கே நிறுத்தத் தெரிந்தவன் வெறும் வியாபாரி அல்ல.

உண்மையான குறை ஒன்று இருக்கிறது. அதை எதிர்க்கட்சி வக்கீல்கள் கவனிக்கவில்லை; நானே சொல்லிவிடுகிறேன். இது வெள்ளைக்காரச் சிப்பாயின் யுத்தத்தைப் பார்த்து எழுந்த கூச்சல். வயலும் குளமும் கெட்டுப்போய், ஊனமாகப் பிறந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் வியட்நாமியத் தாயின் குரல் இதில் இல்லை. ஜெர்மனியின் மூன்று இளைஞர்கள் அந்தக் குரலைக் கொடுக்கவும் முடியாது. கொடுப்பதாகப் பாவனை செய்திருந்தால் அது பொய்யாகியிருக்கும். அந்தக் குரல் வேறு இடத்தில், வேறு விதத்தில் கேட்டது. அதற்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதையும் பாருங்கள்.

1984-ல் அமெரிக்கப் போர் வீரர்களுக்கு ஏழு ரசாயனக் கம்பெனிகள் 18 கோடி டாலர் கொடுத்து வழக்கை ராஜியில் முடித்துக்கொண்டன. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே கொடுத்தார்கள். இருபது வருஷம் கழித்து, 2004-ல், வியட்நாமியர்கள் நியூயார்க் நகர நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். 2005-ல் வழக்கு தள்ளுபடியாயிற்று. அந்தக் காலத்துச் சர்வதேசச் சட்டப்படி களைக்கொல்லி தெளித்தது குற்றமாகாதாம். 2008-ல் அப்பீலும் போயிற்று. 2009-ல் சுப்ரீம் கோர்ட் விசாரிக்கவே மறுத்துவிட்டது. அந்த நீதிமன்றங்களில் யாரும் சத்தம் போடவில்லை. எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். தீர்ப்பு பிழையில்லாத ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. செவிக்கு இனிமையானது எல்லாம் தர்மமாகிவிடும் என்றால் இதைவிட இனிமையான தர்மத்தை நாம் பார்க்க முடியாது!

* * *

இதே ஜெர்மனியிலிருந்து ஸ்கார்ப்பியன்ஸ் என்ற மற்றொரு கோஷ்டி, சோதோம் தட்டு வந்த மறுவருஷம், மாறுதலின் காற்றைப் பற்றி ஒரு பாட்டுப் போட்டது. சீட்டி அடித்துக்கொண்டு ஆரம்பிக்கும் பாட்டு. உலகம் முழுவதும் அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. பெர்லின் சுவர் விழுந்ததற்கு அதுவே தேசிய கீதம் என்ற மாதிரி ஆகிவிட்டது. நல்ல பாட்டுதான், நானும் கேட்டிருக்கிறேன். சுவர் விழுந்த சந்தோஷத்துக்குச் சீட்டி பொருத்தமே. ஆனால் அந்தச் சீட்டியை மட்டும் வைத்துக்கொண்டு, ஜெர்மானியர்கள் அந்த வருஷங்களில் சொன்னதெல்லாம் இவ்வளவுதான் என்று கணக்கை முடித்துவிடுகிறோமே, அதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். சுவர் விழுவதற்கு ஐந்து மாதம் முந்தி வெளிவந்த 'ஏஜெண்ட் ஆரஞ்ச்' பதிவானதும் அதே மேற்கு பெர்லினில்தான். ஒன்று, வரப்போகிற நல்ல காலத்தைப் பாடியது. மற்றொன்று, எந்த நல்ல காலம் வந்தாலும் மண்ணுக்குள் கிடக்கப்போகிற விஷத்தைச் சொன்னது. முப்பது வருஷம் ஓடிவிட்டது. காற்று மாறிய திசைகளை நாம் பார்த்தாயிற்று. பியென் ஹோவாவின் மண்ணைத் தோண்டிய எந்திரத்துக்கு இரண்டு பாட்டில் எது நிஜம் என்று தெரியும்.

நடுத்தர வகுப்பு வாசகர்களாகிய உங்களிடம் எனக்கு ஒரு சண்டை பாக்கியிருக்கிறது. நாம் எல்லோரும் ஒரே ஜாதி. ஆகவே உரிமையோடு சண்டை போடுகிறேன். நமக்குச் சத்தம் என்றால் அலர்ஜி. பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டியை அடித்தால், அடிப்பதைவிட அவள் அலறுவதுதான் நமக்கு அசௌகரியம். அலறல் நின்றதும் அமைதி திரும்பியதாக நினைத்துப் படுத்துத் தூங்கிவிடுகிறோம். கதையிலும் அப்படித்தான் கேட்கிறோம்: துக்கம் இருக்கலாம், ஆனால் அழகாக இருக்க வேண்டும், கோபம் இருக்கலாம், ஆனால் கடைசிப் பக்கத்துக்குள் ஆறிவிட வேண்டும். எழுதுகிறவனும் அதற்கேற்ற மாதிரி எழுதிக் கொடுத்துவிடுகிறான். இந்த வியாபாரம் பல வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது.

கெல்சன்கிர்ச்சன் சுரங்கத்திலிருந்து ஏறி வந்த ஒரு தொழிலாளி அந்த வியாபாரத்துக்கு உடன்படவில்லை. விகாரமான விஷயத்தை விகாரமாகவே சொல்லுவேன் என்று நின்றான். அவனுக்கு நீங்கள் சபை மரியாதை தர வேண்டாம். அந்தத் தட்டை வாங்கித் தினமும் காலையில் போடவும் வேண்டாம். ஒரே ஒரு தடவை, நாற்பது நிமிஷம், கதவைச் சாத்திக்கொண்டு கேளுங்கள். காது வலிக்கும். வலிக்கட்டும். தெளித்தவர்களுக்கும் தயாரித்தவர்களுக்கும் தீர்ப்பு எழுதினவர்களுக்கும் அந்த வலிகூட இருந்ததில்லை.